கழுவெளியும் உயிரணுவும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் மேல்நிலை மாணவர்களுக்காக ஆற்றப்பெற்ற உரை)

 

வெள்ளி விழா மேடையில் சங்கத்தின் வரலாறும் தொண்டர்களின் உழைப்பும் பேசப்படுவது வழக்கம். அவற்றைப் பேசத் தகுதியுடையோர் பலர் இங்கே உள்ளனர். உயிரியல் பயிலும் மாணவர்க்குப் பயன்படும் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். ஆகவே, நம் கண்ணெதிரே பரந்து கிடக்கும் பள்ளிக்கரணைக் கழுவெளியையே இன்று பாடநூலாகக் கொள்வோம். இப்பாடம் தேர்வுக்கு உதவும். அதனினும் மேலாக, நம் மக்களின் உயிரைக் காக்கவும், நம் மீது சுமத்தப்பட்ட பொய் ஒன்றை உடைக்கவும் உதவும்.

கழுவெளி

சதுப்பு நிலத்தைக் கழுவெளி என்பது இப்பகுதி மக்களின் வழக்கு. தென்சென்னையிலும் தாம்பரத்தைச் சுற்றியும் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து இங்கே வந்து சேர்கின்றது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலொடு கலக்கின்றது. ஒரு காலத்தில் இச்சதுப்பு ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது என்பர். சாலைகளும் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் அதனைத் தின்றது போக, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எஞ்சியது ஏறத்தாழ 600 ஹெக்டேரே. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பெற்றது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே 115 வகைப் பறவைகளும், 46 வகை மீன்களும், 114 வகைத் தாவரங்களும் கணக்கிடப்பட்டுள்ளன. பூநாரையும் கூழைக்கடாவும் நீலத்தாழைக்கோழியும் காண்பதற்கு இனியவை. அவற்றைக் காணத் தொலைநோக்கி போதும். ஆனால் இவை அனைத்தையும் தாங்கி நிற்கும் உயிர்களைக் காண நுண்ணோக்கி வேண்டும். அவற்றைப் பற்றியே நாம் பேச வந்தோம்.

உயிரணு

1665-இல் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்டு, அதிலிருந்த சிற்றறைகளுக்குச் ‘செல்’ எனப் பெயரிட்டார். அவர் கண்டது இறந்த செல்லின் சுவர் மட்டுமே. அடுத்த பத்தாண்டில், ஆலந்து நாட்டுத் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளைக் கொண்டு ஏரி நீரில் நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டார். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர் என்பதனை மாணவர்கள் நினைவில் கொள்க. 1838, 1839-ஆம் ஆண்டுகளில் ஷ்லைடனும் ஷ்வானும் தாவரம், விலங்கு ஆகிய அனைத்தும் செல்களால் ஆனவை என்று நிறுவினர். முன்னிருந்த செல்லினின்றே புதிய செல் தோன்றும் என்னும் உண்மையை 1855-இல் விர்ஷோ வலியுறுத்தினார்.

செல்கள் இரு பெரும் வகையின. பாக்டீரியா போன்ற புரோகேரியோட் செல்களில் மரபுப்பொருளைச் சூழ்ந்து உறை இல்லை. நம் உடலிலும் கோரைப் புல்லிலும் உள்ள யூகேரியோட் செல்களிலோ, உறை சூழ்ந்த உட்கருவும், ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்ட்ரியாவும், தாவரமாயின் பசுங்கணிகமும் உண்டு.

இவ்விரு வகைக்கும் உறவு உண்டா? உண்டு என்பதனை லின் மார்குலிஸ் என்னும் அம்மையார் 1967-இல் வெளியிட்ட கட்டுரையில் வற்புறுத்தினார். பல இதழ்கள் மறுத்த பின்னரே அக்கட்டுரை அச்சேறியது. பசுங்கணிகம் என்பது, முன்னொரு காலத்தில் வேறொரு செல்லினுள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட நீலப்பச்சைப் பாசியின் வழித்தோன்றல். மைட்டோகாண்ட்ரியாவும் அவ்வாறே ஒரு பாக்டீரியாவின் வழித்தோன்றல். இன்று உலகம் இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. எனவே கழுவெளியின் ஒவ்வொரு புல்லின் பசுமையும், குட்டை நீரில் படரும் பாசியின் குலத்திலிருந்து வந்ததே. பூநாரையின் செந்நிறமும், அது உண்ணும் பாசியும் சிறு இறால் வகை உயிர்களும் தரும் நிறமியால் ஆவதே.

சேற்றின் அடுக்குகள்

கழுவெளிச் சேற்றின் மேற்பரப்பில் வெயில் படுகின்றது. அங்கே பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன. சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி உரமாக்கவும் வல்லன. இப்பாசிகளைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட பெருநூலை உலகெங்கும் உள்ள பாசியியலார் பயன்படுத்துகின்றனர். அத்தகைய நூல்களின் அட்டையில் நம் பிள்ளைகளின் பெயர்களும் ஒரு நாள் இடம்பெறுதல் வேண்டும்.

மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆயினும் உயிர்வாழ்க்கை தீர்வதில்லை. ஆக்சிஜனைக் கொண்டு நாம் செய்யும் சுவாசத்தை, அங்குள்ள பாக்டீரியாக்கள் வேறு பொருள்களைக் கொண்டு செய்கின்றன. ஒரு சார் பாக்டீரியா நைட்ரேட்டைப் பயன்படுத்தி, அதனை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றது. சாக்கடையோடு கழுவெளிக்கு வந்து சேரும் மிகையான உரச்சத்து இவ்வாறே ஓரளவு நீங்குகின்றது. மற்றொரு சார் பாக்டீரியா சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை உண்டாக்குகின்றது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது இரும்போடு கூடுவதால் சேறு கறுக்கின்றது. அதற்கும் கீழே மீத்தேன் வாயுவை உண்டாக்கும் உயிர்கள் வாழ்கின்றன. இத்தாலியரான வோல்டா 1776-இல் ஏரிச் சேற்றைக் கிளறி இவ்வாயுவைச் சேகரித்தார். இதனை ஆக்கும் உயிர்கள் பாக்டீரியாக்களும் அல்ல, ஆர்க்கியா எனத் தனித்து வகைப்படுத்தத் தக்கவை என்பதனை 1977-இல் கார்ல் வூஸ் காட்டினார்.

ஒரு சிட்டிகைச் சேற்றில் இவை கோடிக்கணக்கில் வாழ்கின்றன. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. பல்லுயிர் வளம் என்பது பறவைகளின் எண்ணிக்கை மட்டும் அன்று. இப்பணிப் பங்கீடே அதன் அடித்தளம். சுத்திகரிப்பு நிலையங்களும் இவ்வுயிர்களையே வேலை வாங்குகின்றன. கழிவுநீரில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைப் பெருக்கித் தூய்மை செய்யும் முறை 1914-இல் மான்செஸ்டரில் விளக்கிக் காட்டப்பெற்றது. கழுவெளியோ அப்பணியை எவரும் கேளாமலே நெடுங்காலமாகச் செய்து வருகின்றது.

நச்சு வாயு

மாணவர்களே, இனி வருவதை ஊன்றிக் கேளுங்கள். சேற்றின் அடியில் ஹைட்ரஜன் சல்பைடை ஆக்கும் அதே வகைப் பாக்டீரியாக்கள், பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வாழ்கின்றன. திறந்த வெளியில் அவ்வாயு காற்றோடு கலந்து மறைந்துவிடும். மூடிய குழியிலோ தேங்கி நிற்கும். ஏனெனில் அது காற்றைவிடக் கனமானது. நெடுநாள் மூடிக் கிடந்த குழியின் கசடைக் கிளறும்போது, அதில் அடங்கியிருந்த வாயு ஒரே நேரத்தில் வெளிப்படும்.

அது மனிதனைக் கொல்வது எங்ஙனம்? செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இறுதிப் படியில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதி உள்ளது. அந்நொதியை இவ்வாயு முடக்கிவிடுகின்றது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் செல் அதனைப் பயன்படுத்த இயலாது. முதலில் மூளை செயலிழக்கும். வாயுவின் அளவு காற்றில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கை எட்டினால், முகரும் ஆற்றலே மரத்துவிடும். ஆகவே ‘நாற்றம் இல்லை, இறங்கலாம்’ என்பது கொடிய பிழை. அளவு மேலும் மிகுந்தால், ஓரிரு மூச்சில் நினைவிழந்து வீழ நேரிடும். வீழ்ந்தவரைத் தூக்கப் பாதுகாப்பின்றி இறங்குபவரும் அவ்வாறே வீழ்வார். அண்ணனைக் காக்கத் தம்பியும், தந்தையைக் காக்க மகனும் இறங்கி மாண்ட செய்திகள் இக்காரணத்தாலேயே மீண்டும் மீண்டும் வருகின்றன.

இவ்வாறு மாண்டவருள் நம் மக்களே மிகப் பலர் என்பதனை இம்மன்றத்தில் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இன்றி எவரையும் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கி வேலை வாங்குவதைத் தடை செய்கின்றது. 1993 முதல் இவ்வாறு இறந்தோர் ஒவ்வொருவரின் குடும்பத்திற்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2014-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. பணம் உயிரை மீட்காது. இறங்கச் சொல்பவரிடம் ‘இறங்க மாட்டோம்’ என்று சொல்வதற்குச் சட்டம் ஒரு துணை. அறிவியல் மற்றொரு துணை. உயிரியல் பயின்ற பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால், அவ்வீட்டார் குழியின் முன் நின்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பர். அந்த ஒரு கணம் உயிரைக் காக்கும்.

தீட்டு என்னும் பொய்

நம் முன்னோரை ஊர்க் கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் விலக்கி வைத்தவர்கள் கூறிய காரணம் ‘தீட்டு’ என்பது. செங்கற்பட்டுச் சீமையில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் அனைவருக்கும் உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தார். 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். பின்னர்ச் சாதி இந்துக்கள் அக்குளத்தைத் ‘தூய்மை’ செய்ததாகக் கூறிச் சாணமும் கோமியமும் தயிரும் பாலும் கலந்த நீரை அதில் ஊற்றினர்.

இதனை நுண்ணோக்கியின் வழியே நோக்குங்கள். மனிதர் கையால் நீரை அள்ளிப் பருகியதில் குளம் கெடவில்லை. சாணத்திலோ குடல்வாழ் கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் திரளாக உள்ளன. இன்று எந்த ஆய்வகத்திலும் குடிநீர் மாசுற்றதா என்று அறிய முதலில் தேடுவது அவற்றைத்தான். எனவே அன்று அக்குளத்தை மாசுபடுத்தியவர் யார் என்பதற்கு உயிரியலே சான்று கூறும்.

காலராவை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தேடி இராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவின் குளத்து நீரை ஆய்ந்தார். அதன் நச்சு குடலில் செயற்படும் முறையை 1959-இல் அந்நகரத்து மருத்துவ அறிஞர் சம்புநாத் டே வெளிப்படுத்தினார். அந்தப் பாக்டீரியா எந்தத் தெருவில் எவர் வாழ்கின்றார் என்று கேட்பதில்லை. கெட்ட நீர் யார் வாய்க்குள் சென்றாலும் அங்கே பெருகும். மேலும், ஒரு மனிதரின் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை அவருடைய உடற்செல்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ நிகர் என்று 2016-இல் வெளியான கணக்கீடு கூறுகின்றது. அக்கிரகாரத்தில் பிறந்தவர்க்கும் சேரியில் பிறந்தவர்க்கும் இக்கணக்கு ஒன்றே. மாசு என்பது உண்டு. அதனை அளக்கலாம், நீக்கலாம். தீட்டு என்பதனை எந்தக் கருவியாலும் காட்ட இயலாது.

நம் கடமை

அரசுக் கணக்கில் கழுவெளி பயனற்ற நிலமாகக் கருதப்பட்டது. பயனற்றது என்றமையால் குப்பை கொட்டவும் நிரப்பவும் எவரும் தயங்கவில்லை. 2015 திசம்பரிலும் 2023 திசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும், தேங்க இடமின்றி வெள்ளம் வீடுகளில் புகுந்தபோதே அந்நிலத்தின் பயன் பலருக்கு விளங்கியது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டோருள் நம் மக்கள் மிகப் பலர். கழுவெளி சுருங்கினால் முதலில் நனைவது அவர்களின் அடுப்பே. ஆகவே கழுவெளியைக் காப்பது பறவை நேசர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுங்கி நிற்றல் கூடாது.

மாணவர்கள் உடனே தொடங்கத்தக்க பணி ஒன்றைக் கூறி அமைகின்றோம். காப்புக்காட்டினுள் நுழைய வேண்டா. ஏதேனும் ஓர் ஏரிக்கரைச் சேறே போதும். கையுறை அணிந்து சிறிது சேறு எடுங்கள். கிழித்த செய்தித்தாளையும் அவித்த முட்டையின் மஞ்சட்கருவையும் அதனொடு பிசைந்து, தெளிந்த கண்ணாடிப் புட்டியில் முக்காற் பங்கு நிரப்புங்கள். மேலே ஏரி நீரை ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, சன்னலோரம் வையுங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஆறேழு வாரங்களில் மேலே பச்சையும், கீழே கருமையும், இடையே சில வேளை ஊதாவும் தோன்றும். உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி வகுத்த முறை இது. நாம் இன்று பேசிய அடுக்குகள் அனைத்தும் ஒரு புட்டிக்குள் விளங்கும்.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இவ்விழாவின் நினைவாக நம் படிப்பகத்திற்கு நல்லதொரு நுண்ணோக்கி வாங்கி வையுங்கள். பொன்னாடைகளுக்குச் செலவிடும் தொகையே அதற்குப் பெரிதும் உதவும். 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்ற கல்லூரிகளில் தாவரவியலும் விலங்கியலும் பயில நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கும்போது, நுண்ணோக்கியில் கண் வைத்துப் பழகியவர்களாகச் செல்லட்டும்.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்றார் அண்ணல். கற்பி என்பதே அவற்றுள் முதற்சொல். இச்சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுகளில், நம் வீட்டுப் பிள்ளை ஒருவரும் குழியில் இறங்கி மாளாதிருக்கவும், ஒரு சிலரேனும் கழுவெளியை ஆய்ந்து நூல் எழுதவும் உறுதி பூணுவோம்.