திறந்த மூல மென்பொருளில் கடைசி வார்த்தை யாருடையது?



உங்க கையில் இருப்பது ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். நீங்கள் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது மறுமுனையில் வேலை செய்கிற சர்வரிலும் ஏதாவது ஒரு திறந்த மூல மென்பொருள் இல்லாமல் இருப்பது அபூர்வம். அதன் நிரல் பொதுவில் இருக்கும். யாரும் படிக்கலாம், மாற்றலாம். இதைச் சொன்னதும் பலர் கேட்பது ஒன்றுதான்: "யார் வேணும்னாலும் மாத்தலாம்னா, நாளைக்கு எவனாவது வந்து கெடுத்துட்டா?"

நியாயமான கேள்வி. பதில் இதுதான்: திருத்தம் எழுதி அனுப்ப யாருக்கும் தடை இல்லை. ஆனால் அதைச் சரிபார்த்து மூல நிரலில் சேர்க்கிற உரிமை சிலரிடம் மட்டும்தான் இருக்கும். அவர்களை மெயின்டெய்னர், அதாவது பராமரிப்பாளர் என்கிறார்கள். இந்தப் பொறுப்புக்குத் தேர்வும் கிடையாது, பட்டமும் கேட்க மாட்டாங்க. பிழை சொல்லி, சின்னத் திருத்தம் அனுப்பி, மற்றவர் வேலையைச் சரிபார்த்துக் கொடுத்து, மெல்ல நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும்.

சரி, பராமரிப்பாளர்களுக்குள்ளேயே சண்டை வந்தால் என்ன செய்வது? இதற்குப் பைத்தான் மொழியின் கதையைச் சொல்றேன். அதை உருவாக்கியவர் கீடோ வான் ராசம். கருத்து வேறுபாடு வந்தால் கடைசி வார்த்தை அவருடையது. "ஆயுட்கால நல்லெண்ண சர்வாதிகாரி" என்று விளையாட்டாக ஒரு பட்டமே கொடுத்திருந்தார்கள். பல வருஷம் அது நன்றாகவே ஓடியது.

2018-ல் ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய விவாதம். முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ஒரு குறி, அவ்வளவுதான்! கீடோ அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஜூலை மாதமே பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். வாரிசு யாரையும் நியமிக்கவும் இல்லை. 'இனி எப்படி முடிவெடுப்பது என்று நீங்களே முடிவு பண்ணிக்குங்க' என்று விட்டுவிட்டார். அவர் செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்க்கணும் என்பது என் கருத்து. ஒருவரை நியமித்துவிட்டுப் போயிருந்தால், அடுத்த சண்டையிலும் இதே கதைதான்.

மூல நிரலில் கைவைக்கும் உரிமையுள்ள உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். ஏழு திட்டங்கள் வந்தன. திரும்பவும் ஒரே தலைவர், மூன்று பேர் குழு என்று விதவிதமாக. டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. வென்றது ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு. அதன் விதிகளைப் பாருங்க: ஒரே நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தால் ஒருவரையோ, குழு முழுவதையுமோ வெளியே அனுப்பலாம். அதிகாரம் இருக்கிறதே என்று அதை அடிக்கடி பயன்படுத்தக் கூடாது, முடிந்தவரை பேசித் தீர்க்க வேண்டும் என்றும் எழுதியே வைத்திருக்கிறார்கள். 2019-ல் அமைந்த முதல் குழுவில் கீடோவும் தேர்தலில் வென்று வந்தார், ஐவரில் ஒருவராக.

டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் இன்னும் ஒரு படி மேலே. 1998-லேயே தனக்கென ஓர் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் உண்டு. வாக்குச்சீட்டில் நம்ம நோட்டா மாதிரி "இவர்களில் யாரும் இல்லை" என்பதும் இருக்கும். ஒரு வித்தியாசம்: அங்கே அது வென்றால் தேர்தலையே திரும்ப நடத்தணும். 2014-ல் கணினி துவங்கும்போது முதலில் ஓட வேண்டிய மென்பொருள் எது என்ற தகராறு அதன் தொழில்நுட்பக் குழுவுக்கு வந்தது. நாலுக்கு நாலு என்று வாக்கு பிரிந்து, குழுத் தலைவரின் வாக்கால் முடிவானது. ஒத்துக்கொள்ளாத சிலர் நிரலை எடுத்துக்கொண்டு போய் டெவுவான் என்று தனித் திட்டமே தொடங்கினார்கள். திறந்த மூலத்தில் அந்த உரிமை எப்போதும் உண்டு.

இவை பெரிய கூட்டம் உள்ள திட்டங்கள். எனக்குக் கவலை தருவது சின்னவைதான். எக்ஸ்இஸட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. உலகமெங்கும் சர்வர்களில் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் ஒரே ஒருவர், சம்பளம் இல்லாமல். வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேருங்கள் என்று முன்பின் தெரியாத பெயர்களில் அவரை நச்சரித்தார்கள். அதே சமயம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் பராமரிப்பாளர் பொறுப்பு அவர் கைக்கும் வந்தது. 2024 தொடக்கத்தில் அந்தக் கருவியில் ஒரு கள்ள வாசலைச் சொருகிவிட்டார்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று நோண்டிப் பார்த்தார். மார்ச் மாதம் விஷயம் வெளியே வந்தது. டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை அது போய்விட்டிருந்தது. பொதுவாகப் பயன்படும் நிலையான பதிப்புக்குப் போகும் முன் பிடித்துவிட்டார்கள்.

நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவரால் நோண்ட முடிந்தது. ஆனால் பொறுப்பைக் கொடுக்கும்போது, கூடவே நின்று பார்க்க இரண்டாவது ஆள் அங்கே இல்லை.

அதனால் உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ சங்கத்திலோ ஒரு திறந்த மூல மென்பொருளை எடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்தத் திட்டத்தின் பக்கத்தில் கவர்னன்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று ஃபோனிலேயே பார்த்துவிடலாம். திருத்தங்களைச் சேர்க்கிற உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறது, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பாதுகாப்புக் குறையை யாரிடம் சொல்வது என்பதும் அங்கேயே தெரியும். ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால் உடனே ஒதுக்க வேண்டாம். அவருக்குக் கை கொடுக்க ஆள் தேவை. தமிழாக்கத்தைச் சரிபார்ப்பதில் இருந்துகூட ஆரம்பிக்கலாம். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.