மிக்ஸிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான்

(தாராவியில் நடந்த நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயற்குழு கட்டளையிட்டிருக்கிறது. ஆனால் முதலில் ஒரு மிக்ஸியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் குடியிருக்கும் சாலில் ஓர் அக்கா இட்லி வியாபாரம் செய்கிறார். மாவுக்குக் கிரைண்டர், சட்னிக்கு மிக்ஸி. விடியற்காலை நான்கு மணிக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையுமாக ஐந்தாறு ஜார் ஓயாமல் அரைப்பார். சில நாட்களாக மூன்றாவது ஜாரிலேயே மிக்ஸி நின்றுபோனது. அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஓடும், பிறகு மீண்டும் நிற்கும். இட்லி வாங்க வருகிறவன் காத்திருப்பானா?

மெக்கானிக்கை அழைத்து வந்தவர்கள் நாங்கள்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். அவர் அடித்தட்டைக் கழற்றினார், பொத்தானுக்குப் போகும் இரண்டு ஒயரையும் முறுக்கி ஒன்றாக்கினார். "டைரக்ட் குடுத்தாச்சு. இனிமே நிக்கவே நிக்காது" என்றார். எண்பது ரூபாய். நின்றவர்கள் எல்லோரும் அவரைக் கெட்டிக்காரர் என்றோம்.

சொன்னபடியே பன்னிரண்டு நாள் நிற்காமல் ஓடியது. பதின்மூன்றாம் நாள் புகை வந்தது. காயில் கருகிப்போயிற்று.

பிறகுதான் விசாரித்தோம். ஜார் இறுகி மோட்டார் திணறும்போது அது மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறது. செம்புக் கம்பி சூடேறுகிறது. சூடு மீறினால் கம்பிமேல் பூசியிருக்கும் காப்பு உருகி, கம்பியும் கம்பியும் தொட்டு எரிந்துவிடும். அதற்கு முன்பே மின்சாரத்தை வெட்டிவிடத்தான் அந்தப் பொத்தான். அது பழுதே இல்லை! சற்று ஆறவிடு என்று சொன்ன ஒரே பாகம் அதுதான், அதைத்தான் காசு கொடுத்துப் பிடுங்கினோம். நம் நாட்டு மிக்ஸிகள் பலவற்றின் அடியிலும் ஐந்து நிமிடம் ஓட்டு, இரண்டு நிமிடம் நிறுத்து என்று அச்சடித்தே இருக்கிறது. யார் கவிழ்த்துப் பார்த்தோம்?

இந்த இயந்திரத்துக்கும் நம் நகரத்துக்கும் உறவுண்டு. 1960-களில் வெளிநாட்டு மிக்ஸிகள் நம் தேங்காய்க்கும் பருப்புக்கும் தாங்காமல் திணறின. சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், தம் மனைவி மாதுரிக்காக, நம் சமையலுக்குத் தாங்கும் மோட்டாரை வைத்து சுமீத் மிக்ஸியை உருவாக்கியது இதே பம்பாயில்தான். சுமைக்கேற்ற மோட்டார் வேண்டும் என்று ஒருவர் யோசித்தார். ஆளுக்கேற்ற சுமை என்று முதலாளி யோசிப்பதில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் ஆலைத் தொழிலாளி. இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்கிறார். முதுகு பிடித்தால் மருந்துக்கடையில் மாத்திரை, தூக்கம் வந்தால் தேநீர். உடம்புக்கு டைரக்ட் கொடுத்திருக்கிறார், தோழர்களே. நம்மில் எத்தனை பேர் அப்படி!

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எல்லை வைத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது ஓய்வு என்றது. சிறு பட்டறைகள் பலவற்றை அது எட்டியதே இல்லை என்பது வேறு கதை. எங்கள் ரயில்வேயில் 1974 மே 8 முதல் 27 வரை சுமார் 17 லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் கோரிக்கைகளில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. அதற்காகச் சிறை சென்றவர்கள் எங்கள் மூத்தவர்கள்.

2025 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை, தொழிற்சாலையில் நாளைக்கு 9 மணி என்பதை 12 ஆக்கவும், ஐந்து மணிக்குப் பின் என்றிருந்த ஓய்வை ஆறு மணிக்குப் பின் தள்ளவும் ஒப்புதல் தந்தது. வாரம் 48 மணி அப்படியே இருக்கும், கூடுதல் வேலைக்குத் தொழிலாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்றார்கள். சம்மதமாம்! மேஸ்திரி நீட்டும் காகிதத்தில் மறுத்துக் கையெழுத்துப் போடாமல் மறுநாள் வேலைக்கு வந்தவரை நீங்கள் பார்த்ததுண்டா? ஒருவர் தனியாக மறுத்தால் அவரை மாற்றிவிடுவார்கள். ஒரு பகுதியே சேர்ந்து மறுத்தால் யாரை மாற்றுவது?

இதையெல்லாம் அக்காவிடம் பெருமையாக விளக்கினோம். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தவர் சொன்னார்: "மிக்ஸிக்காவது அடியில ஒரு பொத்தான் வச்சான் தம்பி. எனக்கு எங்க வச்சான்?"

எங்களிடம் பதில் இல்லை. நாலு மணிக்கு எழுந்து பத்து மணிக்குப் படுக்கும் அவர் வேலையை எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? சங்கத்திலும்தான் எந்தத் தீர்மானத்தில் எழுதினோம்?

அடுத்த ஞாயிறு மாலை, கூடுதல் நேரத்துக்கென்று யார் எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டிருந்தாலும் நகலைக் கொண்டு வாருங்கள். மராத்தியோ ஆங்கிலமோ, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. படிக்கும் முன் கையெழுத்து வேண்டாம். இரட்டைக் கூலி கொடுக்கிறார்களா என்று பார்க்கச் சம்பளச் சீட்டும் வேண்டும். தாய்மார்களும் வர வேண்டும். அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் சட்னி அரைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று பேசி முடித்திருக்கிறோம். புது மிக்ஸி, மூன்று ஜாருக்கு ஒருமுறை ஆறவிட்டு.