மேட்டடார் வேனில் காசிக்கு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அந்த வேன் கதையைச் சொல்லுப்பா, பசங்க கேட்கட்டும்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். இதே மேடையில் 2 முறை சொல்லிக் கைதட்டல் வாங்கிய கதைதான். ஆனால் அதில் பின்பாதியைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஏன் என்பதை இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

1988 மே மாதம். கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு 5 பேர் சேர்ந்து ஆளுக்கு 3,500 ரூபாய் போட்டு ஒரு பழைய மேட்டடார் வேன் வாங்கினோம். நிலக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் பூ மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. கழுவக் கழுவ மல்லிகை வாசம் போகவில்லை. என் பங்குக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது தனிக்கதை.

சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். உண்மையான காரணம் வேறு. எங்களில் ஒருவனுடைய அப்பா அந்த வருஷம் தை மாதம் தவறிவிட்டார். அஸ்தியைக் காசியில் கரைக்க வேண்டும் என்பது அவன் அம்மாவின் ஆசை. அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எழுந்து போய்விடுவான், இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

கலயத்தை மஞ்சள் துணியில் கட்டி, "தரையிலே மட்டும் வெச்சிராதீங்கப்பா" என்று சொல்லிக் கொடுத்தார்கள் அந்த அம்மா. வேனின் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டோம். குண்டும் குழியுமான இடத்தில் யாராவது ஒருவர் எழுந்து நின்று கையில் தாங்கிக்கொள்வோம்.

அப்போது அது 7-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. கன்னியாகுமரியிலிருந்து காசி வரை ஒரே ரோடு. 2010-இல் நம்பரையெல்லாம் மாற்றி, அதன் பெரும்பகுதி 44 ஆகிவிட்டது. இன்று நாலு வழிச் சாலையில் பறக்கிற தம்பிகளுக்கு அன்றைய ரோடு எப்படி இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். எதிரே லாரி வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆகவேண்டும்.

மேட்டடாரில் எஞ்சின் உள்ளேதான், முன் சீட்டு இரண்டுக்கும் நடுவே ஒரு மூடிக்குள். மே மாதம் அனந்தப்பூர் வெயிலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் கால் வெந்துபோகும். டீசல் முள் வேலை செய்யாது, குச்சி விட்டுப் பார்ப்போம். கர்னூல் தாண்டி ஒருநாள் குச்சி பார்க்க மறந்து டேங்க் காலி. டீசல் வண்டிக்கு அப்படி ஆனால் லைனில் காற்று புகுந்துவிடும். டீசல் ஊற்றினாலும் போதாது, பம்பைக் கையால் அடித்துக் காற்றை வெளியேற்றினால்தான் கிளம்பும். அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சர்தார் லாரி டிரைவர். நிர்மல் மலைப்பாதையில் ரேடியேட்டர் ஒழுகியபோது வந்த இன்னொரு டிரைவர், எங்கள் சமையல் பையைத் துழாவி மஞ்சள்தூளை எடுத்து ரேடியேட்டருக்குள் கொட்டினார். ஒழுகல் நின்றது! மெக்கானிக்கல் படித்தவன் ஒருவன் கூட இருந்தும் எங்களுக்கு அது தெரியாது. கடைசியில் நாக்பூருக்குக் கொஞ்சம் முன்னால் கிளட்ச் போய், 2 நாள் ஒரு பட்டறை வாசலில் படுத்தோம்.

இதுவரை நானும் இருந்தேன்.

எங்களில் வண்டி ஓட்டத் தெரிந்தது 2 பேருக்குத்தான். அவனுக்கும் எனக்கும். எனக்கு மெட்ராஸில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ இருந்தது. கடிதம் என் பெட்டியின் அடியில். அதற்குள் திரும்பிவிடலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த 2 நாளில் கணக்கு தப்பிவிட்டது. நாக்பூரில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்விட்டு வந்து அவனிடம் சொன்னேன்: "அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியலடா. உடனே வரச் சொல்றாங்க."

நான் போனே பண்ணவில்லை.

தலைக்கு மேலே அவன் அப்பாவின் கலயம் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. டீசல் பணத்திலிருந்து 200 ரூபாய் எடுத்து என் பையில் திணித்து, ஸ்டேஷன் வரை வந்து, ஜி.டி. எக்ஸ்பிரஸ்ஸில் கூட்டத்தைத் தள்ளி என்னை ஏற்றிவிட்டான். "அப்பாவைப் பார்த்துக்கோடா" என்றான்.

அதற்குப் பிறகு சிவனி காடு, ஜபல்பூரில் நர்மதை, ரீவா, காசி. சுமார் 750 கிலோமீட்டரை அவன் ஒருவனே ஓட்டினான். தூக்கம் வந்தால் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓட்டினானாம். நர்மதைப் பாலத்தில் விடிந்ததையும், படித்துறையில் அவன் அழுததையும் கூட இருந்து பார்த்தவன் போல இந்த மேடையில் நான் வர்ணித்திருக்கிறேன். அதெல்லாம் மற்ற மூவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. நான் பாதியில் இறங்கியதை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. என் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றே அவர்கள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பியவன், வேனை எங்கள் தெருவில் நிறுத்திவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஈயம் வைத்து அடைத்த காசிச் செம்பு. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாப்பா, காசி எப்படி இருந்தது?" என்றார். உள்ளே கதவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் அப்பாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு செம்பை அவர் கையில் கொடுத்து, "நல்லா இருக்கீங்கள்ல, அது போதும்ப்பா" என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனான். 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பாவின் கடைசி நாளில் அந்தச் செம்பைத்தான் உடைத்து வாயில் ஊற்றினோம். அன்றும் அவன் வந்திருந்தான்.

அந்த 200 ரூபாயை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்று சட்டைப் பையில் கொண்டு வந்திருக்கிறேன். வாங்கமாட்டான் என்று தெரியும். சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் கொடுத்துப் பார்க்கிறேன்.