சின்ன ஆபீஸும் மூன்று நோட்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க எழுதிக் கொடுத்தது.)



செயலாளர் போன் செய்து, "தொழிலில் வெற்றி பெறுவது எப்படின்னு அரை மணி நேரம் பேசுங்க" என்றார். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். நான் 1984ல் என்ரோல் ஆகி, மூன்று வருஷம் சீனியரிடம் இருந்துவிட்டு, 1987லிருந்து மதுரைக்கு ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு தாலுகா ஊரில் ஆபீஸ் வைத்திருப்பவன். ஒரு அறை, ஒரு திண்ணை, நாலு பீரோ, ஒரு குமாஸ்தா, ஒரு ஜூனியர். அவ்வளவுதான் சாம்ராஜ்யம். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அமையப் போவதும் அப்படி ஒரு ஆபீஸ்தான். அதை மூழ்காமல் ஓட்டுவது பற்றி வேண்டுமானால் பேசுகிறேன் என்றேன். சரி என்றுவிட்டார்.

முதலில் நான் எப்படி மூழ்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

1989ல் ஒரு பெரியவர் வந்தார். 62 சென்ட் புன்செய், அதில் ஒரு கிணறு. பங்காளி சுவாதீனம் கேட்டுப் போட்ட வழக்கில் முன்சீப் கோர்ட்டில் இவருக்கு எதிராக டிக்ரி. அந்த வழக்கை நடத்தியது நான்தான். அப்பீலுக்கு 30 நாள். டிக்ரி நகல் கேட்டு மனுப் போட்டால், நகல் கிடைக்க ஆகும் நாட்களைக் கழித்துக் கொள்ளலாம் என்பது லிமிடேஷன் சட்டம் 12வது பிரிவு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். நானும் வாங்கியிருந்தேன். நகல் மனுவை ஒழுங்காக மூன்றாம் நாளே போட்டேன்.

அதற்கப்புறம்தான் விஷயம். நகலுக்கு எத்தனை ஸ்டாம்பு பேப்பர் வேண்டும் என்று கோர்ட் நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள். சொன்ன நாளுக்குள் கட்டாவிட்டால் மனுவை அடித்துவிடுவார்கள். அந்த வாரம் என் மைத்துனன் கல்யாணம். குமாஸ்தா பார்ப்பார் என்று நான் இருந்தேன். வக்கீல் சொல்லியிருப்பார் என்று குமாஸ்தா இருந்தார். போர்டு பாட்டுக்குத் தொங்கிக் கொண்டிருந்தது. மனு அடிபட்டது தெரிந்தபோது 30 நாள் போய்விட்டது. புது மனுப் போட்டு நகல் வாங்கி அப்பீல் தாக்கல் செய்யும்போது 41 நாள் தாமதம்.

தாமதத்தை மன்னிக்க 5வது பிரிவில் மனு. அதற்கு ஒரு அபிடவிட். இங்கே சிரிக்கும் சீனியர்களுக்கு அதில் என்ன எழுதினேன் என்று தெரியும். மஞ்சள் காமாலை! தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் 5வது பிரிவு மனுக்களை மட்டும் படித்தால், நம் கட்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் கல்லீரலே இல்லை என்று தோன்றும். பெரியவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். படிக்கச் சொல்லிக் கேட்டார். "எனக்குக் காமாலை வரலையே தம்பி" என்றார். "கோர்ட்டுக்கு ஒரு காரணம் வேணும்யா" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எதிர்க்கட்சி வக்கீல் அவரைக் கூண்டில் ஏற்றச் சொன்னார். எந்த டாக்டர் என்று கேட்டார். "கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன்" என்றார் பெரியவர். எனக்காகச் சொன்னது. அடுத்த கேள்வி, அதே மாதத்தில் உங்கள் பேத்தி கல்யாணத்தில் பந்தி பரிமாறினீர்களா இல்லையா. பத்திரிகையைக் கையில் எடுத்துக் காட்டினார். பெரியவர் பேசவில்லை. மனு தள்ளுபடி.

சென்னைக்கு சிவில் ரிவிஷன். அப்போது மதுரைக் கிளை கிடையாது, அது வந்தது 2004ல். பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய், நம் செட் நண்பர் ஒருவரிடம் கட்டைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "தப்பு உன்னோடது. நீயே அபிடவிட் போடு" என்றார். போட்டேன். போர்டைப் பார்க்காதது நான், காமாலை எழுதியது நான் என்று. 1992ல் செலவுத் தொகை கட்டும் நிபந்தனையோடு ரிவிஷன் அனுமதிக்கப்பட்டது. பணம் நான் கட்டினேன். 1994ல் அப்பீலில் ஜெயித்தோம். ஆனால் இடையிலேயே டிக்ரி நிறைவேறி, அமீனா போய் நிலத்தை ஒப்படைத்து, கிணற்று மோட்டாரையும் கழற்றியாகிவிட்டது. திரும்ப வாங்க 144வது பிரிவில் இன்னொரு மனு. நிலம் கைக்கு வந்தது 1997ல். பெரியவர் 1996ல் காலமாகிவிட்டார். சாவியை அவர் மகனிடம் கொடுத்தேன், கிணற்று ஷெட்டுச் சாவி. அந்த எட்டு வருஷத்தில் ஊரில் ஒருவரிடமும் பெரியவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

2024 மே மாதம், வக்கீல்கள் மீது நுகர்வோர் கோர்ட்டில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போட முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் பார் ரூமில் லட்டு கொடுத்தார்கள். நானும் எடுத்துக் கொண்டேன். ஆனால் வக்கீல் சட்டம் 35வது பிரிவில் பார் கவுன்சிலுக்கு எழுத இன்னும் தபால் இருக்கிறது. அது போக, பெரியவர் மாதிரி எதுவுமே எழுதாதவர்கள் இருக்கிறார்கள்.

இனி நோட்டு விஷயம். 1989க்கு முன்னால் என்னிடம் வாய்தா டைரி மட்டும் இருந்தது. எல்லாரிடமும் இருப்பதுதான். இப்போது செல்போனிலேயே இ-கோர்ட்ஸ் செயலி அடுத்த வாய்தாவைச் சொல்லிவிடுகிறது. நல்ல வசதி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இன்னும் தாக்கலே ஆகாத அப்பீலுக்குக் கடைசி நாள் எது என்று அதற்குத் தெரியாது. ஒரு வக்கீலை முடிப்பது வாய்தா தேதி இல்லை, இந்தக் கடைசி தேதிதான். வாய்தா தவறினால் எக்ஸ்பார்ட்டி ஆகும், 30 நாளுக்குள் மனுப் போட்டு ரத்து செய்யலாம். அந்த 30 நாளும் தவறினால் மறுபடி காமாலை.

ஆகவே முதல் நோட்டு கடைசித் தேதி நோட்டு. கட்டு கைக்கு வந்த அன்றைக்கே, பீஸ் பேசுவதற்கு முன்னாலேயே, அதில் பதிய வேண்டும். செக் கேஸ் வந்தால், பாங்கிலிருந்து தகவல் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது போய்ச் சேர்ந்தபின் 15 நாள், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். மூன்று தேதியையும் அன்றே எழுதிவிடுங்கள். பிரதிவாதிக்கு ஆஜரானால் எதிருரைக்கு 30 நாள், கோர்ட் மனம் வைத்தால் சம்மன் சார்பான நாளிலிருந்து 90. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 15.3.2020 முதல் 28.2.2022 வரை லிமிடேஷன் கணக்கிலிருந்து கழித்தது. பழைய கட்டு எடுக்கும்போது அதையும் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு கடைசித் தேதிக்கும் பத்து நாள் முன்னால் ஒரு தேதி போட்டு, நாங்கள் வேலை செய்வது அந்தத் தேதிக்குத்தான். சனிக்கிழமை பத்து மணிக்குக் குமாஸ்தா உரக்கப் படிப்பார், ஜூனியர் டிக் அடிப்பார், நான் கேட்டுக் கொண்டிருப்பேன். ஒருத்தர் பார்ப்பார் என்று இன்னொருத்தர் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் மூன்று பேரும். ஜூனியர்கள் முதல் மாதம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டாவது பண நோட்டு. நம் தொழிலில் அடுத்தவன் பணம் நம் பையில் தங்கும். பணம் வசூலிக்கும் வழக்குக்கு 2017க்கு முன் இங்கே கோர்ட் பீஸ் நூற்றுக்கு ஏழரை, இப்போது மூன்று. பத்து லட்ச ரூபாய் வழக்கென்றால் 30,000 ரூபாய். கட்சிக்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து கொடுப்பார். திங்கட்கிழமை பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டக் கடைசி நாள். "இதை இப்ப எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் போட்டுருவோம்" என்று மனசு சொல்லும். எனக்கும் சொல்லியிருக்கிறது. கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கு வை, வந்தது பீஸா செலவா என்று வரவிலேயே எழுது என்று பார் கவுன்சில் விதி சொல்வதைப் படித்திருப்பீர்கள். நான் செய்வது: செலவுப் பணத்துக்குப் பாங்கில் தனிக் கணக்கு, அதற்கு ஏ.டி.எம். கார்டு வாங்கவே இல்லை. மனசை நம்பவில்லை, அவ்வளவுதான்.

பீஸ் கேட்டால் "பார்த்துக்கலாம்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. கவுரவமாகத் தோன்றும். முடிவில் நாம் மனசில் 40,000 வைத்திருப்போம், அவர் 10,000 வைத்திருப்பார், இரண்டு பேரும் ஏமாந்துபோய் நிற்போம். முதல் நாளே துண்டுச் சீட்டில் எழுதி இரண்டு கையெழுத்து: பிராதுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணையில் இவ்வளவு, வாதத்தின்போது இவ்வளவு. ஜெயித்தால் பங்கு என்ற பேச்சு மட்டும் வேண்டாம், அது விதிக்கே விரோதம். சொந்தக்காரர் கேஸில் பீஸை விட்டாலும் செலவை விடாதீர்கள். பெரியம்மா மகன் கேஸில் செலவையும் நான் போட்டேன். தோற்றதும் அவன் சொன்னது, "காசு வாங்காம நடத்தினாரு, அதான் அக்கறை இல்லை."

பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைப்பதை இன்னமும் பார்க்கிறேன். அப்படி ஒரு உரிமை வக்கீலுக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000லேயே சொல்லிவிட்டது. கேட்டால் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நான் திருப்பிக் கொடுத்த கட்டுகளில் இரண்டு அடுத்த வருஷமே என்னிடம் திரும்பி வந்தன. வராதவற்றைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. ஒப்புகைச் சீட்டுகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ரோல்மெண்டுக்குச் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 125க்கு மேல், பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதே வருஷம் ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற இடங்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று நம் உயர் நீதிமன்றம் சொன்னது. நான் கொடுப்பது அதற்குக் குறைவு. என் ஜூனியர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பொய் சொல்ல முடியாது. அவர் தனியாகக் கேஸ் எடுத்துக்கொள்ளத் தடையில்லை என்று ஈடுகட்டுகிறேன். ஈடாகுமா என்பதை அவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

மூன்றாவது நோட்டு 2021ல் வந்தது. கொரோனா இரண்டாவது அலையில் எங்கள் பாரில், என் ஆபீஸுக்கு மூன்றாவது கதவில் இருந்த நண்பர் பத்தே நாளில் போய்விட்டார். 56 வயது. தனி ஆள், ஜூனியர் கிடையாது. பீரோச் சாவி எங்கே என்று வீட்டில் தெரியவில்லை. போனுக்கு நம்பர் தெரியவில்லை. வாசலில் கட்சிக்காரர்கள், அசல் பத்திரம் கொடுத்தவர்கள், கோர்ட் பீஸ் கொடுத்தவர்கள். அவர் கறாரான மனுஷன், ஒரு பைசா எடுத்திருக்க மாட்டார். ஆனால் எந்தப் பணம் யாருடையது என்று எழுதி வைக்காததால், அந்த அம்மா வந்தவர்களுக்கெல்லாம் நகையை வைத்துக் கொடுத்தார். நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்து, புது வக்காலத்து வாங்கி முடிக்க ஏழு மாதம் ஆனது. இரண்டு அசல் பத்திரம் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எந்தக் கட்டு எந்த பீரோ, யாருடைய அசல் பத்திரம் என்னிடம் இருக்கிறது, செலவுக் கணக்கில் யார் பணம் எவ்வளவு, சேமநல நிதிக்கு யாரை நாமினியாகப் போட்டிருக்கிறேன், நான் இல்லாவிட்டால் கட்டுகளைப் பார்க்க ஒத்துக்கொண்ட நண்பர் யார். அவருடையதை நான் பார்ப்பதாகவும் ஒப்பந்தம். மாதம் ஒருமுறை எழுதி வீட்டில் கொடுத்துவிடுவேன். என் மனைவி அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

மூன்று நோட்டிலும் கோடு போட்ட மாதிரிப் பக்கம் ஒவ்வொன்றை எடுத்து வந்திருக்கிறேன், சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொள்ளலாம். பெயர்களை அடித்துவிட்டேன். நேரில் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸுக்கு வாருங்கள், குமாஸ்தா படித்துக் கொண்டிருப்பார்.