எங்களுக்கு ஊரே கிளப்

(கல்வி மற்றும் விளையாட்டு உதவி வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நோட்டுப் புத்தகம் கொடுக்கிற மேடையில் ஹாக்கி ஸ்டிக் எதற்கு என்று நேற்றே சிலர் கேட்டார்கள். வேறு ஊரில் கேட்டால் நியாயம். கோவில்பட்டியில் கேட்கலாமா? வெளியூர்க்காரர்களிடம் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் கடலை மிட்டாய் என்பார்கள், தீப்பெட்டி என்பார்கள். விளையாட்டு தெரிந்தவராக இருந்தால் ஹாக்கி என்பார்.

வெளிநாடுகளில் ஒரு கால்பந்து கிளப்புக்குத் தாத்தா, மகன், பேரன் என்று பரம்பரையாக ரசிகர்களாக இருப்பார்களாம். எங்களுக்கு அப்படித் தனியாக ஒரு கிளப் கிடையாது. எங்களுக்கு ஊரே கிளப். மதரஸா விட்டு, அஸர் தொழுதுவிட்டு ஓடினால் மஃரிப் பாங்கு கேட்கும் வரை மைதானத்தின் ஓரத்தில்தான் நிற்போம். ஆடுகிறவர்களில் நம் தெருப் பையன் இருப்பான், மேலத்தெருப் பையன் இருப்பான், பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவன் இருப்பான். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் விசாரித்ததில்லை. பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பெயரைச் சொல்லிக் கத்துவோம். ஸ்டிக் வாங்க வழியில்லாத நாங்கள் வளைந்த உடைமரக் கிளையை வெட்டிச் செதுக்கி, பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி ஆடினோம். கோடையில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும். பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. மழை பெய்தால் காலோடு மண் ஒட்டிக்கொண்டு வரும், பத்து நாளைக்கு ஆட்டம் கிடையாது. அந்தத் தரையில் பந்தைக் கட்டுக்குள் வைத்தவனுக்கு மணிக்கட்டில் தனி வித்தை இருந்தது என்பது எங்கள் கட்சி. இளையவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

1975-ல் கோலாலம்பூர் உலகக் கோப்பை அரையிறுதியில் மலேசியாவுக்கு எதிராகத் தோற்கிற நிலையில் இருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் கோல் அடித்துக் காப்பாற்றியதைப் பெரியவர்கள் வாய் வலிக்கச் சொல்வார்கள். 1980 மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டு பாஸ்கரன் தலைமையில், முகமது ஷாஹித் போன்றவர்கள் ஆடிய அணி ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியது. இவற்றுக்கு நடுவில் 1976 மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்தது. இந்தியாவுக்கு ஏழாவது இடம். மண்ணில் பழகிய நாடு புதுத் தரையின் வேகத்துக்கு ஈடு கொடுக்கத் திணறியது.

நம் ஊரும் அதே காரணத்தால்தான் பல வருடம் பின்தங்கியது என்பது எங்கள் எண்ணம். திறமைக்குக் குறைவில்லை, தரைதான் இல்லை. இப்போது கிருஷ்ணா நகரில் செயற்கை இழை மைதானம் இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு ரயில்வே, வங்கி அணிகள் எல்லாம் வந்து மின்னொளியில் ஆடுகின்றன. அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். இங்கே வளர்ந்து, ஆட்டத்தால் வேலை கிடைத்துப் போன பையன் வெளியூர் அணிச் சட்டையில் வந்து நம் அணிக்கு எதிராகவே கோல் போடுவான். ஊரே கை தட்டும்! துரோகம் என்று யாரும் சொல்வதில்லை. அவன் போட்டிருக்கும் சட்டை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தரைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்களே என்று குறைப்படுகிறவர்களும் உண்டு. சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கிற ஊரில் அந்தக் குறையை நாங்கள் தவறு என்று சொல்ல மாட்டோம். குறைந்த தண்ணீரில் ஆடக்கூடிய தரையில்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கி நடந்தது. அடுத்த முறை தரையை மாற்றும்போது அப்படிப்பட்டதைப் போடச் சொல்லி ஊர் கேட்க வேண்டும். மைதானத்தைப் பூட்டச் சொல்லிக் கேட்கக் கூடாது.

2022 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். இங்கே தேசிய ஜூனியர் ஆடவர் போட்டி நடந்துகொண்டிருந்தது. அதே நாட்களில் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய அணியில் நம் ஊர் மாரீஸ்வரன். கூடவே அரியலூரில் பிறந்து நம் ஊர் விடுதியில் பழகிய கார்த்தி. பாகிஸ்தானுடன் நடந்த முதல் ஆட்டத்தில் முதல் கால் பகுதியிலேயே கார்த்தி கோல் போட்டார். டீக்கடையில் போனைச் சுற்றி நின்றவர்கள் போட்ட சத்தம் பஜார் முழுக்கக் கேட்டது. கடைசி நேரத்தில் 1-1 ஆகிவிட்டது, அது வேறு விஷயம். இந்தியா வெண்கலத்தோடு திரும்பியது.

அந்தச் சத்தத்தில் நம் வீட்டுப் பையன்களும் இருந்தார்கள். ஆனால் காலையில் மைதானத்துக்குப் போனால் அவர்களில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்? நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "விளையாடி என்ன கிடைக்கப் போகுது அண்ணே?" என்றார்கள். முன்பு வேலை கிடைத்தது, இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் இடங்கள் குறைவு. அது உண்மைதான். ஆனால் மாலை நேரத்தில் பையன் எங்கே இருக்கிறான், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று தெரியாமல் தவிக்கிற தாய்மார்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அறக்கட்டளைக்கு வந்து அழுததும் எங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் ஓடிக் களைத்து வருகிற பிள்ளை சாப்பிட்டுப் படுத்துத் தூங்கும். இதைவிட மலிவான மருந்து எங்களிடம் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் கேட்டார்கள். தலையை மூடி, கால் வரை உடுத்தி சர்வதேச ஆட்டம் ஆடுகிற பெண்கள் மலேசிய அணியில் இருக்கிறார்கள். உடை ஒரு தடையே இல்லை. தனி நேரமும் கூட வர ஒரு பெண்மணியும் வேண்டும். அதற்கான பேச்சு நடக்கிறது, இன்ஷா அல்லாஹ்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ஒரு நல்ல ஸ்டிக்குக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது. தரைக்கு ஏற்ற ஷூ தனி. கோல்கீப்பர் கவசம் அதைப்போல் பல மடங்கு. இந்த உதவி ஜகாத் நிதியிலிருந்து அல்ல. ஜகாத் அதற்குரியவர்களுக்கே போகிறது, அதில் ஒரு பைசாவைத் தொடவில்லை. இதற்கென்றே சிலர் தனியாகக் கொடுத்த சதகா இது. ஸ்டிக்குகள் அறக்கட்டளையின் பெயரில் பதிவாகியிருக்கும். பிள்ளை ஆடுகிற வரை வைத்துக்கொள்ளலாம், நிறுத்திவிட்டால் அடுத்தவருக்குத் திருப்பித் தர வேண்டும். உடைந்தாலும் கொண்டுவாருங்கள், யாரும் திட்ட மாட்டோம்.

நமது டியூஷன் வகுப்பை மஃரிபுக்குப் பிறகு மாற்றிவிட்டோம், ஆகவே நேரம் இடிக்காது. பெயர் கொடுக்க வேண்டியவர்கள் வரும் ஜும்ஆவுக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஷூ அளவையும் சேர்த்து எழுதுங்கள். போன தடவை ஆர்டர் போடும்போது அதற்காகவே இரண்டு நாள் அலைந்தோம்.