பழைய செயலியை மாற்றுவதா, பொறுத்திருப்பதா?

2017ஆம் ஆண்டளவில் வாங்கிய விளையாட்டுக் கணினி ஒன்று வீட்டில் இருக்கின்றதென வைத்துக்கொள்வோம். வாங்கிய காலத்தில் எந்த விளையாட்டையும் தங்குதடையின்றி ஓட்டிற்று. இன்றோ புதிய விளையாட்டொன்றைத் தொடங்கினால் படம் நின்று நின்று நகர்கின்றது. "செயலியை மாற்றித் தாருங்கள், அப்பா" என்கிறான் மகன். "ஓராண்டு பொறு, இதைவிட நல்லது வரும்" என்கிறார் தந்தை. இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆயினும், தளர்ந்துபோனது செயலிதானா என்ற கேள்வியை இருவருமே கேட்கவில்லை.

விளையாடும்பொழுது இரண்டு உறுப்புகள் இணைந்து உழைக்கின்றன. எவன் எங்கே நிற்கின்றான், எது எப்பக்கம் நகர்கின்றது என்று கணக்கிடுவது செயலி. அக்கணக்கின்படி படத்தைத் தீட்டுவது கிராபிக்ஸ் அட்டை. ஒன்று பிந்தினால் மற்றது காத்திருக்கும். பிந்துவது எது என்றறிய ஒரு சதமும் செலவில்லை. வினாடிக்கு 60 படங்களுக்குமேல் விடாத கட்டுப்பாடு இருந்தால் முதலில் அதனை நீக்குங்கள். பின்னர், படத்தின் அளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 எனக் குறையுங்கள். தீட்டும் வேலை பாதிக்கும் கீழே வந்துவிடும். அப்பொழுது வேகம் நன்கு கூடினால் குறை அட்டையில் உள்ளது. செயலியை மாற்றிப் பயனில்லை. வேகம் இருந்தபடியே இருந்தால் பெரும்பாலும் செயலியே களைத்துவிட்டது எனலாம். செயலி 30 வீதம் மட்டுமே உழைப்பதாகக் கணினி காட்டுவதைக் கண்டு ஏமாறவேண்டாம். அது எல்லாக் கருக்களின் சராசரி. ஒரு கரு மூச்சுமுட்ட உழைக்க, மற்றவை சும்மா இருத்தல் கூடும்.

குறை செயலியில்தான் என்று கண்டபின், அது எந்தத் தாய்ப்பலகையில் அமர்ந்திருக்கின்றது என்று பார்த்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டுக் கணினிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் இருப்பது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 1600. அதன் ஏ.எம்.4 பலகைகளிற் பல, பயோஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தால், பின்வந்த ரைசன் 5000 வரிசையையும் ஏற்கும். பழைய 300 வரிசைப் பலகைகளுக்கும் 2022இல் இவ்வாய்ப்புக் கிட்டியது. அவ்வாண்டே வெளிவந்த 5800எக்ஸ்3டி செயலி, கைக்கெட்டும் தூரத்தில் 96 மெகாபைட் இடைநினைவகத்தை வைத்துக்கொண்டிருப்பதால் விளையாட்டுகளிற் சிறந்து விளங்கிற்று. இவ்வீட்டில் மகன் சொல்வதே சரி. பலகையும் நினைவகமும் இருந்தபடியே இருக்கும். விண்டோஸ் 11 கேட்கும் செயலித் தகுதியும் உடன்வரும்.

மற்றதில் இருப்பது இன்டெல் கோர் ஐ7 7700கே. அவ்வாண்டு ஜனவரியில் நான்கு கருக்களுடன் வந்தது. ஒக்டோபரில் ஆறு கருக்களுடன் 8700கே வந்தது. இரண்டிற்கும் 1151 தொடுமுனைகளே. எனினும் பழைய பலகை புதியதை ஏற்பதில்லை. 7700கே வைத்திருப்பவருக்கு அப்பலகையில் ஏறுவதற்கு வேறு படியில்லை. விண்டோஸ் 11இன் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. இவர் செயலியை மாற்றப் புறப்பட்டால் பலகையையும், பெரும்பாலும் நினைவகத்தையும் சேர்த்தே மாற்றவேண்டிவரும். இங்கே தந்தை சொல்வதுபோலப் பொறுப்பதே தகும். ஆனால் முழுத்தொகையும் சேரும்வரை பொறுத்தல் என்ற அளவிலேதான்.

அடுத்த ஆண்டின் செயலிக்காகக் காத்திருப்பது வேறு காரியம். அடுத்தது எப்பொழுதும் ஒன்று இருக்கும். காத்திருப்புக்கும் விலையுண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. விலை இறங்கட்டும் என்றிருந்தோர் அன்று என்ன ஆனார்கள் என்பது நம்மவர்க்குத் தெரியும். 2025இன் இறுதியிலும் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் உயர்ந்தது.

மாற்றுவதென்று முடிவானால், பழைய செயலி இருக்கும்பொழுதே பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். அது செய்யாமற் புதியதைப் பொருத்தினால் திரை இருண்டே கிடக்கும். உங்கள் பலகையின் பெயர் அதைச் செய்த நிறுவனத்தின் பட்டியலில் உண்டா என்பதைப் பணம் கொடுக்குமுன் பாருங்கள். 5800எக்ஸ்3டியுடன் குளிர்விக்கும் விசிறி வருவதில்லை. அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். பயோஸ் புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் நின்றால் பலகையே பயனற்றுப் போகலாம். எனவே, இடிமுழக்கம் கேட்கும் மாலையிலோ மின்வெட்டு அறிவித்த நாளிலோ இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.