விசா எப்ப வருவாரு, அம்மாச்சி?

(நம் சங்கத்தின் குடும்பச் சுற்றுலாவின்போது உத்தரகோசமங்கையில், மதிய உணவுக்குப் பிறகு ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)

சாப்பிட்ட கையோடு பேச்சு என்றால் கண் சொருகத்தான் செய்யும். தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். 33 வருடம் தொடக்கப்பள்ளியில் மதியம் முதல் பீரியட் எடுத்தவள் நான், பழகிவிட்டது.

இந்த வருடம் நம் குடியிருப்பில் நான்கு குடும்பங்கள் வெளிநாடு கிளம்பத் தயாராகின்றன. நான்கிலும் சின்னப் பிள்ளைகள். அதில் ஒன்று என் மகள் வீடு. மருமகன் ஷார்ஜாவுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. மகளும், ஆறு வயதுப் பேரனும், மூன்று வயதுப் பேத்தியும் பி பிளாக்கில் இருக்கிறார்கள். அதனால் இதைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். எந்த நாட்டில் என்ன சம்பளம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா போன நாளுக்கும் பிள்ளைகள் போகும் நாளுக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இது நான் பிறந்த ஊர். காலையில் சந்நிதியில் மரகத நடராஜரைச் சந்தனக் காப்போடு பார்த்தீர்கள். பச்சையைப் பார்க்க முடியவில்லையே என்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம். மார்கழித் திருவாதிரைக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் சந்தனத்தைக் களைவார்கள் என்று சொன்னதும், "அப்ப மார்கழிக்கு வருவோம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். கவனித்தீர்களா? காத்திருக்கச் சொன்னால் பிள்ளைகள் காத்திருப்பார்கள். எதற்கு, எதுவரைக்கும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் அவர்களைப் படுத்துகிறது.

நம் கரைக்கு இது புதிதில்லை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வெளிநாட்டு ஆள் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். என் வகுப்பில் "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டால், "சவுதி" என்று பதில் வரும். நாட்டின் பெயரே வேலையின் பெயர்.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு இலங்கை. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சத்தைப் பிறகு பார்ப்பது என்று பேசி முடித்தார்கள். அந்த மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 15 வருடத்தில் முடிப்பதாகப் போட்ட திட்டம் அதற்குள் முடியவில்லை. கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்தில் குடும்ப அட்டை வாங்கி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து நீலகிரி, அது இது என்று அனுப்பப்பட்டார்கள். எல்லாம் கைக்குழந்தைகளோடு வந்த குடும்பங்கள்.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் அப்படிச் சிறு வயதில் வந்தவர். கப்பலைப் பற்றிக் கேட்டால் அதிகம் சொல்ல மாட்டார். வாந்தி எடுத்தேன் என்பார், அவ்வளவுதான். காத்திருந்த காலத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்வார். லயத்துக்குப் பின்னால் அவர் அம்மா போஞ்சியும் கோவாவும் போடுவாராம். பெயர் வந்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ கிளம்ப வேண்டும் என்று ஆனதும், போகிற வீட்டுக்கு எதற்கு விதை என்று நிறுத்திவிட்டார். கிளம்ப இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்த இரண்டு வருடமும் பாத்தி காய்ந்து கிடந்தது, காயைக் காசு கொடுத்து வாங்கினார்கள். "கப்பல்ல கூட நான் அழலை டீச்சர், அந்தக் காய்ஞ்ச பாத்தியைப் பார்த்துத்தான் அழுதேன்" என்பார்.

அவர்கள் நிலை வேறு. அரசாங்கங்கள் பேசி அனுப்பிய கூட்டம் அது. நம் பிள்ளைகள் வேலை தேடி, விரும்பிப் போகிறார்கள். இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காய்ந்த பாத்தி நம் குடியிருப்பிலும் இருக்கிறது. "அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுதான் அது. பையனுக்கு ஷூ பிய்ந்துவிட்டது, அங்கே போய் வாங்கலாம். சைக்கிள் கேட்கிறான், அங்கே வாங்கலாம். பல் டாக்டரிடம் காட்ட வேண்டும், அங்கே காட்டலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டு மாதம் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். நினைவு தெரிந்த ஆயுளில் நாலில் ஒரு பங்கு இருக்கும்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டையே ஒன்றாம் வகுப்பைப் பற்றித்தான். இங்கே பள்ளி ஜூனில் திறக்கும். அமீரகத்தில் சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும். மூன்று மாதத்தில் விசா வந்துவிடுமே, இங்கே எதற்குக் கட்டணம் கட்டுவது என்றார் மருமகன். கட்டிச் சேர்ப்பதுதான் சரி என்றாள் மகள். நானும் அவள் பக்கம். சேர்த்தோம். மூன்று மாதம் எட்டு மாதம் ஆகிவிட்டது. சேர்க்காமல் விட்டிருந்தால் பிள்ளை வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். இன்னொன்று, அங்கே இரண்டாம் வகுப்பில் சேர்க்க இங்கிருந்து மாற்றுச் சான்றிதழ் வேண்டும். படிக்காத வகுப்புக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? சைக்கிளும் வாங்கியாயிற்று. கிளம்பும்போது சி பிளாக் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போவதாக அவனே பேசி முடித்திருக்கிறான்.

பிள்ளைகளிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பெரியவர்கள் வீட்டுக்குள் "விசா வரட்டும், விசா வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் பேரன் கேட்டான், "விசா எப்ப வருவாரு அம்மாச்சி? நம்ம வீட்லதான் தங்குவாரா?" அவனுக்கு விசா ஒரு மாமா! சிரித்துவிட்டோம். ஆனால் அன்றைக்கே உட்கார்ந்து விளக்கிச் சொன்னோம். அது ஒரு அனுமதிச் சீட்டு, அப்பா கேட்டிருக்கிறார், அங்கே உள்ள ஆபீஸ் கொடுக்க வேண்டும், எந்தத் தேதி என்று நமக்குத் தெரியாது, தெரிந்த அன்றைக்கே உனக்குச் சொல்வோம் என்று. அதற்குப் பிறகு அவன் தினமும் கேட்பதை நிறுத்திவிட்டான். டிக்கெட் கைக்கு வரும்வரை தேதி சொல்லாதீர்கள், தேதி மாறினால் பிள்ளை உங்களை நம்பாது. டிக்கெட் வந்ததும் சுவரில் ஒரு தினசரி காலண்டரை மாட்டி, தாள் கிழிக்கும் வேலையைப் பிள்ளைக்கே கொடுங்கள்.

மூன்று வயதுக்கு இதெல்லாம் புரியாது. அவளுக்கு அப்பா என்றால் போன். போனை எடுத்து "அப்பா" என்று சோறு ஊட்டுவாள். அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, போட்டிம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் நேரத்துக்கு அவர்கள் ஒன்றரை மணி நேரம் பின்னால். நமக்கு எட்டரை, அவருக்கு ஏழு. அந்த நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. பத்து நிமிடம் போதும். மருமகன் அங்கே வெங்காயம் உரிப்பார், இவள் இங்கே தோசை தின்பாள். பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள்.

இப்போது காகிதம். இதில்தான் குடும்பங்கள் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கின்றன.

முதலில் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பள்ளியில் ஒரு விதம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடக் குறைய இருந்தாலும் அங்கே வேறு ஆள். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ளவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று பிறகு தளர்த்தினார்கள். குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரை முழுதாகப் போட்டுவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தை பெயரே ஏறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறப்பைப் பதிந்த ஒரு வருடத்துக்குள் என்றால் இலவசமாகச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டும்தான் ஏற்கிறார்கள்.

இரண்டாவது, அப்பா கிளம்பும் முன்பே பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் தாய் தந்தை இருவர் சம்மதமும் வேண்டும். அவர் போன பிறகு என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும், அதற்கு அவர் லீவு போட வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடம்தான் செல்லும். பிறந்த வருடமே எடுத்தோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் தேதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும். கோயிலில் கல்யாணம் நடந்த ரசீது போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும். அமீரகத்துக்கு மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி, கடைசியில் அந்த ஊர் வெளியுறவு அமைச்சகத்திலும் வாங்க வேண்டும். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அப்போஸ்டில் என்ற முத்திரை போதும். குடும்பத்தை அழைக்க அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மருமகனுக்கு எட்டு மாதம் ஆனதற்குக் காரணம் இந்தக் கணக்குதான், வேறொன்றுமில்லை.

தடுப்பூசி அட்டையை லேமினேட் செய்யாதீர்கள், மேலே எழுத முடியாமல் போய்விடும். நம் அரசு அட்டவணையில் தட்டம்மை, ருபெல்லா ஊசி இருக்கிறது. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் கிடையாது. வெளிநாட்டுப் பள்ளிகள் அவற்றையும் கேட்கலாம். இங்கேயே குழந்தை டாக்டரிடம் கேட்டுப் போட்டு, தேதியோடு ஆங்கிலத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும் பாட்டிமார்களுக்கு ஒன்று. கசகசா வேண்டாம். அமீரகம், சவுதி, சிங்கப்பூர் மூன்றிலும் அதற்குத் தடை. தனிப் பொட்டலமாக மட்டுமில்லை, அரைத்த குருமாப் பொடியிலும் கலக்காதீர்கள். நம் முண்டு மிளகாய்ப் பொடி தாராளமாகப் போகும். புவிசார் குறியீடு வாங்கின மிளகாய், பெருமையாகவே அனுப்பலாம். ஆஸ்திரேலியா போகிறவர்கள் ஊறுகாய் உட்பட எல்லாத் தின்பண்டத்தையும் அங்கே இறங்கும்போது தரும் படிவத்தில் எழுதிவிடுங்கள், மறைத்தால் அபராதம். பிள்ளைக்கென்று ஒரு சின்னப் பை கொடுங்கள். அதில் என்ன வைப்பது என்பது பிள்ளை முடிவு. எங்கள் பேரன் இதுவரை மூன்று கூழாங்கல்லும் ஒரு உடைந்த பம்பரமும் வைத்திருக்கிறான். எடுத்து வெளியே போட மகளுக்குக் கை துறுதுறுக்கிறது, நான் விடவில்லை.

கடைசியாக, கிளம்பாத நம்மைப் பற்றி. கணவர் வெளிநாட்டில், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் பெண்கள் நம் மூன்று பிளாக்கிலும் இப்போது ஐந்து பேர். இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், தூங்குகிற இன்னொரு பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள்? எங்கள் தளத்தில் இரண்டு வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது, என் வீட்டுச் சாவி அவர்களிடம். ஒவ்வொரு தளத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் நல்லது. வாட்ஸ்அப் குழுவில் "யாராவது இருக்கீங்களா" என்று போட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது.

பிள்ளைகள் போன பிறகு பாட்டி தாத்தாக்கள் வீடு எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் தெரியாது. மகள் போன பிறகும் சாயங்காலம் நாலரை மணிக்கு நான் கீழே பார்க்கில்தான் இருப்பேன். கதை கேட்க வருகிற பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.

பஸ் மூன்றரைக்கு என்று டிரைவர் தம்பி சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட், பெயர் விஷயமாகச் சந்தேகம் இருப்பவர்கள் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு வாருங்கள். காகிதத்தைப் போனில் படமாக வைத்திருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன்.